கை ஓட்டம்

பஸ் கடையநல்லூரைத் தொடுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் கோமதிநாயகம் தென்காசியில் ஏறி உட்கார்ந்தார். கடையநல்லூர் வந்துவிட்டது, பேனா மூடியை இன்னும் திறக்கவில்லை. மடியில் நாற்பது பக்க நோட்டு. அதில் ஒரே கடிதம் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தும் செண்பகவல்லி என்ற ஒரே அம்மாளுக்கு, ஐந்தும் உருப்படவில்லை. புளியங்குடி தாண்டி மேலப்பொட்டல் விலக்கில் இறங்கி, அந்த அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டி, பதினேழு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கொடுத்த புகாரில் நீங்கள் சொல்லாத ஒரு வரியை நான் எழுதினேன், அதனால்தான் உங்கள் மகளை யாரும் தேடவில்லை என்று சொல்ல வேண்டும். வாயால் சொல்ல வராது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் எழுதிக் கையில் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. கொடுத்தால் வாங்குவாளா, வாங்கிக் கிழித்து முகத்தில் எறிவாளா, நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்பாளா, எது நடந்தாலும் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் இருக்கும்போது தைரியமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் அந்தத் தைரியம் பாதியாகிவிட்டது. இடது பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. மலையைப் பார்த்தால் நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

கோமதிநாயகம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். பதவி ஏட்டுதான், ஆனால் லத்தி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததுதான் அதிகம். புகார் கொடுக்க வருகிறவர்கள் திட்டியும் திக்கியும் முன்னுக்குப்பின் மாற்றியும் சொல்வதையெல்லாம் கேட்டு, 'நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கத்தில் முடித்துக் கையெழுத்து வாங்குவது அவருடைய வேலை. இருபத்தெட்டு வருஷம். எத்தனை ஆயிரம் 'நான்' எழுதியிருப்பார், அதில் ஒன்றுகூட அவர் இல்லை. ஆடு காணாமல் போன நான், அண்ணன் தம்பி வரப்பில் வெட்டிக்கொண்ட நான், சைக்கிளைப் பறிகொடுத்த நான். அடித்தல் திருத்தல் இருக்காது. பக்கத்து ஸ்டேஷன்காரர்கள்கூடப் பெரிய கேஸ் என்றால் அவரைக் கடன் கேட்பார்கள். "கோமதி கை வச்சா அப்படியே ஓடும்யா" என்பார்கள். அதைக் கேட்க அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ரிட்டயர் ஆன பிறகு நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை எழுத்துப் பயிற்சி என்று ஒரு தட்டி கட்டியிருந்ததைப் பார்த்ததும் நேரே உள்ளே போய் உட்கார்ந்ததற்கு அந்த ஆசைதான் காரணம். நமக்குத் தெரியாத எழுத்தா என்று போனார். உங்கள் கல்யாணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள் என்றாள் ஜெபராணி டீச்சர், காலேஜில் தமிழ் நடத்துகிறவள், அவர் மகள் வயதுகூட இருக்காது. பத்தே நிமிஷத்தில் எழுதி எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசித்தார். 'மேற்படி உலகம்மாளுக்கும் எனக்கும் பெரியோர்கள் முன்னிலையில் காலை சுமார் ஏழரை மணியளவில் திருமணம் நடைபெற்றது.' சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்காமல், "சார், தேதி இருக்கு, நேரம் இருக்கு, இடம் இருக்கு. ஆள்தான் ரெண்டு பேரையும் காணோம்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது காதுக்குள் நின்றது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புது முறை சொல்லித் தந்தாள். கோமதிநாயகத்துக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. இடது கையால் எழுதிப் பாருங்கள் என்றாள் ஒரு வாரம். பழகிய கை பழகியதையேதான் எழுதும், பழகாத கை யோசிக்கும் என்றாள். இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே வீட்டில் உட்கார்ந்து எழுதினார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது போல 'செ'வுக்குக் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். 'மேற்படி' என்று எழுத இடது கைக்குத் தெம்பு இல்லை. அதனால் 'அந்த' என்று எழுதியது. 'விசாரித்ததில் தெரிய வந்தது' என்று எழுத முடியாமல் 'கேட்டேன்' என்று எழுதியது. அட, என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கை எங்கே இருந்தது? டீயைத் தூக்கவும் கொசுவை அடிக்கவும் மட்டும் வைத்திருந்தோமே என்று அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் இடது கை நாலு வரிக்கு மேல் போகவில்லை. வலித்தது. நாலாவது வரி 'செண்பகவல்லி என்று ஒரு அம்மாள் வந்தாள்' என்பது. யாரைப் பற்றி எழுதுவது என்று டீச்சர் சொல்லவில்லை. உலகம்மாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. மறந்துவிட்டதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தார். மறந்திருந்தால் பெயர் இப்படி முழுசாக வருமா.

அன்றிலிருந்து எந்த முறையில் எழுதினாலும், முறை எதுவும் இல்லாமல் பழைய புகார் நடையிலேயே எழுதினாலும், அந்த அம்மாள்தான் வந்து நின்றாள். செல்போனில் பேசிப் பதிவு செய்துவிட்டு அதைக் கேட்டு எழுதுங்கள் என்ற வாரம், புழக்கடையில் துணி காய்கிற இடத்தில் நின்றுகொண்டு, "அம்மா, நான் அப்ப ரைட்டரா இருந்தேன்" என்று ஆரம்பித்தார். உலகம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசுதிய? எந்த அம்மா?" "யார்கிட்டயும் இல்ல, பாடம்." "அறுபத்தி ரெண்டு வயசுல பாடம் படிக்கிய. அந்த டீச்சரப் பாத்தா ரெண்டு வார்த்த கேக்கணும் நான்." திரும்பக் கேட்டுப் பார்த்தால் அவர் பேசியது ஒன்றரை நிமிஷம், உலகம்மாள் பேசியது மூன்று நிமிஷம். உள்ளதைச் சொன்னால் அவள் பேசினதுதான் எழுத்தாக நன்றாக இருந்தது. தன்னைப் பற்றி வேறொரு ஆளைப் போல எழுதுங்கள் என்றது இன்னொரு முறை. 'ஏட்டு கோமதிநாயகம் மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தான்' என்று 'ன்' போட்டு எழுதினபோது ஒரு சுகம் இருந்தது, திட்டலாம், காதைத் திருகலாம், ஆனால் அரைப் பக்கத்துக்குள் அந்த ஏட்டு நல்ல பிள்ளையாகிவிட்டான், தலைமேல் வேலை, மேலதிகாரி சொல் தட்டாதவன், பாவம். படித்துப் பார்த்துக் கோமதிநாயகமே அவனுக்கு இரக்கப்பட்டார். இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. இன்ன இடத்தில் என்று பிடிக்க முடியவில்லை. கண்டது, கேட்டது, மணம், ருசி, தொட்டது என்று ஐந்தையும் வைத்து எழுதுங்கள் என்ற முறைதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. மேசைமேல் கார்பன் தாளின் வாடை, மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொண்ட சத்தம், 'உங்கள் கண்ணீர் புகார்த் தாளின் ஓரத்தில் விழுந்து மையைக் கரைத்தது' என்ற வரி. அந்த வரியை ஐந்து தடவை படித்தார். டீச்சர் அதன் கீழே கோடு போட்டு 'அருமை' என்று எழுதியிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆளோடு ஒரு வரி எழுதிவிட்டோம் என்று அன்றைக்கு இரண்டு வடை கூடுதலாகத் தின்றார்.

"சார் வாத்தியாரா? பேப்பர் திருத்துறியளா?" பக்கத்துச் சீட்டுக்காரர் சொக்கம்பட்டியில் ஏறியவர், காலடியில் ஒரு சாக்கு எலுமிச்சம்பழம், பஸ் குலுங்கும்போதெல்லாம் மணம் எழும்பியது. "இல்ல, ஒரு லெட்டர்." "லெட்டரா? இந்தக் காலத்துலயா? போன்ல சொல்லிற வேண்டியதுதான." "போன்ல சொல்ல முடியாத விஷயம்." "அப்ப நேர்ல போய்ச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார், இதற்கு இவ்வளவு யோசனையா என்பது போல. கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது புளியங்குடி. எலுமிச்சைக்காரர் இறங்கிவிடுவார், அதற்கு அடுத்தது விலக்கு. இன்னும் ஒரே ஒரு முறை பாக்கி இருந்தது, போன வாரம் சொன்னது. பேனாவைத் தாளை விட்டு எடுக்கக் கூடாது. நிறுத்தக் கூடாது, அடிக்கக் கூடாது, என்ன எழுதுகிறோம் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒன்றும் தோன்றவில்லை என்றால் ஒன்றும் தோன்றவில்லை என்றே எழுத வேண்டும். இது நமக்கு ஆகாது என்று அவர் தொடவே இல்லை. கை ஓடுகிற ஓட்டத்தைத்தான் நிறுத்த வேண்டும் என்று இத்தனை வாரம் பாடுபட்டாயிற்று, மறுபடியும் ஓடு என்றால்? ஆனால் ஓடவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று பார்க்க ஒரு குறுகுறுப்பும் இருந்தது. மூடியைத் திறந்தார். பஸ் குலுக்கலில் எழுத்து இடது கை எழுத்து போலவே வந்தது.

ஒன்றும் தோன்றவில்லை எலுமிச்சை மணக்கிறது ஒன்றும் தோன்றவில்லை அம்மா நான் கோமதிநாயகம் ரைட்டர் நீங்கள் வந்த அன்று திருவிழா எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள் ஸ்டேஷனில் நானும் பாரா நிற்கிறவரும் மட்டும் என்று ஓடியது. உங்கள் மகள் முத்துப்பேச்சி டைப்ரைட்டிங் பரீட்சை எழுதப் போனவள் திரும்பவில்லை என்று சொன்னீர்கள் நான் எழுதினேன் வழக்கமாக எழுதுவது போல எழுதினேன் இன்ஸ்பெக்டர் சொன்னதால் அந்த வரியை எழுதினேன் என்று வந்ததும் பேனா தடுக்கியது. எடுக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் சொன்னதால் இன்ஸ்பெக்டர் சொன்னதால் என்று மூன்று தடவை எழுதினார். எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள் என்று இப்போதுதானே எழுதினோம். இன்ஸ்பெக்டர் எங்கே இருந்தார்? கோவில் வாசலில் இருந்தார். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் வந்தார். பதினேழு வருஷமாக அந்த மேசைக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, கோபித்துக்கொண்டு போன கேஸாக எழுதிக்கோய்யா என்று அவரைச் சொல்ல வைத்தது யார்? யாரும் சொல்லவில்லை, பேனா எழுதியது, யாரும் சொல்லவில்லை யாரும் சொல்லவில்லை, அந்த மாதிரிப் புகாரில் நாலாவது பாராவில் அந்த வரி எப்போதும் வரும், அதனால் வந்தது, கை ஓட்டத்தில் வந்தது. 'எனது மகள் இதற்கு முன்பும் ஒருமுறை கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுச் சென்று தானாகவே திரும்பி வந்துள்ளார்.' வாசித்துக் காட்டும்போது அந்த அம்மாள் நிமிர்ந்து, "நான் இப்படிச் சொல்லலியே சார்" என்றாள். "எல்லாத்துலயும் இப்படித்தாம்மா எழுதறது" என்று அவர் தாளைத் திருப்பி வைத்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். தானாகத் திரும்பி வருகிற பெண்ணைத் தேட ஆள் ஏது, அதுவும் திருவிழாவில். முத்துப்பேச்சி பஸ் மோதிக் கால் நசுங்கி, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல், பெயர் தெரியாத பெண் என்று பதினோரு நாள் கிடந்தாள். முதல் நாளே சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளுக்குத் தகவல் போயிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், காலும் தப்பியிருக்கலாம். கிடைத்துவிட்டாளே என்று அன்றைக்கு ஸ்டேஷனில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். கிடைத்துவிட்டாளே கிடைத்துவிட்டாளே என்று இப்போது கை எழுதிக்கொண்டே போனது, அவருக்கு அதை நிறுத்த வேண்டும் போல இருந்தது, நிறுத்தவில்லை. புளியங்குடியில் எலுமிச்சைச் சாக்கு இறங்கியதோ, ஆட்கள் ஏறியதோ அவருக்குத் தெரியாது.

"மேலப்பொட்டல் விலக்கு யாருய்யா? பெரியவரே, ஒங்களத்தான்." நடத்துநர் தோளைத் தட்டியபோது இரண்டே முக்கால் பக்கம் ஆகியிருந்தது. இறங்கி நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. வேப்பமரத்தடியில் நின்று எழுதினதைப் படித்துப் பார்த்தார். அசிங்கமாக இருந்தது, ஒரு முற்றுப்புள்ளி கிடையாது, ஆனால் ஐந்திலும் இல்லாத ஒன்று இதில் இருந்தது. இன்ஸ்பெக்டர் இல்லை. மற்ற நாலிலும் அவர் எங்கேயாவது ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், இடது கை எழுதியதில்கூட, நாலு வரி தாண்டியிருந்தால் வந்திருப்பார். அந்த ஏட்டின் தில்லுமுல்லு என்னவென்று இப்போது தெரிந்தது. தெரிந்ததில் ஒரு பக்கம் வெட்கமாகவும், ஒரு பக்கம், இதை என்னவென்று சொல்வது, பேனாவை எடுக்காமல் இருந்ததற்கே இவ்வளவு கிடைக்குமா என்று ஆச்சரியமாகவும் இருந்தது. இந்த ஆச்சரியம் தப்பு என்றும் பட்டது. ஒரு பெண்ணுடைய கால் போயிருக்கிறது, நீ முறையைப் பற்றி வியந்துகொண்டிருக்கிறாய். இருந்தாலும் இப்படியே கொடுத்தால் அந்த அம்மாளுக்குப் புரியாதே என்று, மரத்தடியில் கிடந்த கல்லில் உட்கார்ந்து அதையே சுருக்கி, புள்ளி வைத்து, ஒரு பக்கமாக நல்ல கையெழுத்தில் எழுதினார். முடிக்கும்போது அந்தக் கண்ணீர் வரியையும் சேர்த்துக்கொண்டார். அதை விட மனசில்லை.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு என்று கூட வேலை பார்த்தவர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் அந்த அம்மாள். இவர் 'அம்மா' என்று வாயெடுப்பதற்குள், "ரைட்டர் சார்தான?" என்றாள். இவர் கடிதத்தை நீட்டினார். "கண்ணு ஆபரேஷன் பண்ணி எட்டு நாளுதான் ஆவுது. எழுத்து இன்னும் கண்ணுக்குத் தெரியல. நீங்களே வாசிங்க." வாயால் சொல்ல வேண்டாம் என்றுதானே இத்தனை பாடு. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தார். பிறகு நின்றபடியே வாசித்தார். புகார் வாசிக்கிற குரல் வந்துவிடக் கூடாது என்று மெதுவாக வாசித்தார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன் என்ற இடத்தில் அந்த அம்மாள் தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினாள். தெரியும் என்று ஆட்டினாளா, மேலே வாசி என்று ஆட்டினாளா என்று கறுப்புக் கண்ணாடியில் தெரியவில்லை. முடித்தார்.

"பேச்சி திருப்பூர்ல இருக்கா. கட்டையை ஊணிக்கிட்டுதான் வேலைக்குப் போறா. இத அவட்டயும் நீங்கதான் வாசிக்கணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "வாசிக்கேம்மா" என்றார். அவள் பிறகு, "ஒரு எடம் தப்பா இருக்கு" என்றாள். "கண்ணீர் விழுந்து மை கரைஞ்சுதுன்னு போட்டிருக்கிய. நான் அழலியே சார். அன்னைக்கு நான் ஒரு சொட்டு அழல. அழுதா நீங்க எழுதுறத நிறுத்திருவியளோன்னு பயந்து, பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

கோமதிநாயகத்துக்கு மேசை, கார்பன் வாடை, மின்விசிறி எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த முகத்தை எவ்வளவு தேடியும் காணவில்லை. அந்த அம்மாள் அரைமணி நேரம் பேசியிருப்பாள், அதில் 'நான் இப்படிச் சொல்லலியே' என்பதைத் தவிர ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. அவள் பேசியபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார். அதே வேலையைத்தான் இன்றைக்கும் செய்திருக்கிறோம், நன்றாக எழுதக் கற்றுக்கொண்டு செய்திருக்கிறோம், அதற்குக் கீழே டீச்சர் போட்ட கோடு வேறு. பேனாவை எடுத்து, அந்த அம்மாள் கண்ணுக்குத் தெரியாது என்றாலும், அவளுக்கு முன்னாலேயே அந்த வரியை அடித்தார். "அடிச்சிட்டேம்மா" என்று சொன்னார். அப்புறமும் போகாமல் நின்றார். "அன்னைக்கு நீங்க என்னம்மா சொன்னிய? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அவள் கறுப்புக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப உக்காருங்க" என்றாள். அவர் நோட்டை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவள் அந்த நாள் காலையிலிருந்து ஆரம்பித்தாள், முத்துப்பேச்சி சாப்பிட மாட்டேன் என்று சொன்னதிலிருந்து. சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிற்று. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.